ஐந்தாம் பத்து

திங்கட்கிழமை, சந்தோஷ இரகசியங்கள்.
கம்பெனி பஸ் ஆறு நாற்பதுக்கு.
முதல் பத்து அரிசி களைகையில்.
இரண்டாவது, சில்வியாவுக்குச் சடை பின்னும்போது;
அவள் தலையில் பேன், ஆகவே
ஒவ்வொரு அருள் நிறைந்த மரியேக்கும் நடுவில்
நகத்தில் ஒரு நசுக்கல்.
மூன்றாவதில் குக்கர் விசிலும் மணியும் கலந்து
ஒன்பதா பத்தா என்று குழம்பினால்
ஒன்று கூடுதலாகச் சொல்லிவிடுவேன்.
கீரைக்காரியிடம் கொசுறு கேட்கிறவள்
மாதாவுக்குக் கொசுறு கொடுக்கக் கூடாதா?

நான்காவது, சத்துவாச்சாரியில் பஸ் ஏறியதும்.
பாலாற்றுப் பாலம் வந்தால் ஐந்தாவது.
கீழே தண்ணீர் இல்லை, மணலும் அதிகமில்லை,
சீமைக் கருவேலம் நிற்கிறது.

அந்த ஐந்தாவதை மட்டும்
கல்யாணமான நாள்முதல்
ஓட்டமாகத்தான் சொல்லிவந்திருக்கிறேன்.
பன்னிரண்டு வயதுப் பிள்ளை தொலைந்து
மூன்றாம் நாள் ஆலயத்தில் அகப்பட்ட கதை.
அகப்பட்டுவிட்டான் அல்லவா, பிறகென்ன.

மே மாதம், மாதாவின் மாதம்,
பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று
கிளமெண்ட் வீட்டுக்கு வரவில்லை.
இரண்டு பாடம் போயிருந்தது.
போன் ஸ்விட்ச் ஆஃப்.
அவன் அப்பா காட்பாடி ஜங்ஷனில்
பிளாட்பாரம் பிளாட்பாரமாக நடந்தார்,
தண்டவாளத்தைப் பார்க்காமல் பார்த்தபடி.

நான் பெரியாஸ்பத்திரி கேஷுவாலிட்டி வாசலில்.
ஸ்ட்ரெச்சர் வரும்போதெல்லாம்
முகத்தைப் பார்க்கத் துணியவில்லை, காலைப் பார்த்தேன்.
எட்டு மணி நேரம் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள் நான்,
யார் கால் எந்த அளவு என்று கண் சொல்லிவிடும்.
ஏழு. பத்து. வெறுங்கால் ஒன்று. குழந்தைக்கால் ஒன்று.
அவனுடையது ஒன்பது,
நீல வார், இடது குதி தேய்ந்தது.

அந்த இரவு செபமாலை சொல்லவில்லை.
பைக்குள் கை விட்டுச் சிலுவையைப் பிடித்து
"ஏய்" என்றேன் மாதாவை.
அவ்வளவுதான் வந்தது.
இதைப் பாவசங்கீர்த்தனத்தில் இன்னும் சொல்லவில்லை.
எந்தக் கட்டளையில் சேரும் என்று தெரியவில்லை.

விடியற்காலை கிடைத்தான்.
கோவிலில் அல்ல.
பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், பரோட்டாக் கடைப் பின்கட்டில்,
மூட்டை வெங்காயத்தின் எதிரே.
கடைக்கார ஷபீர் பாய் சொன்னார்:
"ராத்திரி அழுதுனே வந்தான்மா.
வெங்காயம் உரிடான்னு உக்கார வச்சேன்.
வெங்காயத்துக்கு முன்னால அழுதா
யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க இல்ல."

ஓங்கி ஒன்று வைத்தேன் கன்னத்தில்.
பிறகு அதே பெஞ்சில் உட்கார்ந்து
அவன் மூன்று பரோட்டா தின்கிறதைப் பார்த்தேன்.
பாய் காசு வாங்கவில்லை.

லூக்கா எழுதவில்லை, அடித்தாயா என்று.
ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதை எழுதியிருக்கிறார்.
அந்தக் கேள்வியின் சத்தம் ஏட்டில் ஏறவில்லை.
எனக்கு இப்போது கேட்கிறது:
மூன்று நாள் சோறு இறங்காத தொண்டை அது.
எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டாள்
என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போய்விட்டார்.
மனசு என்ன பரணா அம்மா,
தூக்கிப் போட்டுவிட்டு ஏணியை எடுத்துவிட?

ஞாயிறு பூசைக்கு அவன் வருவதில்லை.
சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.
"எழுந்திரு" என்று இரண்டு தரம் சொல்கிறேன்,
மூன்றாம் தரம் சொல்வதில்லை;
ஃபேனை அணைக்காமல் கிளம்புகிறேன்.
சாமியார் கேட்டால் "டியூட்டி" என்பேன்.
அதுவும் ஒரு பொய், அதற்குக் கட்டளை நம்பர் தெரியும்.
சனிக்கிழமைகளில் பாய் கடைக்குப் போகிறான்,
விரல் நாறத் திரும்புகிறான்.
என் விரலில் தோல் நாற்றம், அவன் விரலில் வெங்காயம்.
சாப்பாட்டுத் தட்டருகே சில்வியா மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.
மறுதேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறானாம்.
அவன் சொல்லவில்லை, ரசீது சட்டைப்பையில் இருந்தது,
துவைக்கும்போது நனைந்து.

இப்போதெல்லாம் ஐந்தாம் பத்து
பஸ் நின்ற பிறகும் முடிவதில்லை.
ராணிப்பேட்டை. கேட் திறக்கிறது.
சூப்பர்வைசர் கையைத் தட்டுகிறார்.
ஏழாவது மணியில் ஒரு ஹேர்பின்னைக் குத்தி
டிபன் டப்பா பக்கத்தில் வைக்கிறேன்.
மிச்சம் மூன்றை
வருகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்,
இருட்டில், பாலத்தின் மேல்.